ஆறு மணிக்கு யோகா

இரண்டாயிரத்து மூன்றாம் வருஷத்துக்குள் நான் பதினான்கு பயிற்சிகளுக்குப் போய் வந்திருந்தேன். பதினான்கு சான்றிதழ். ஆதியம்மாள் என்ற என் பெயரை ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு விதமாகக் கொலை செய்திருந்தார்கள். ஒன்றில் 'ஆதியம்மன்' என்று போட்டு என்னைச் சாமியாகவே ஆக்கிவிட்டார்கள். வரம்தான் கொடுக்க முடியவில்லை.

மாமல்லபுரத்துக்கு வடக்கே மூன்று கிலோமீட்டரில் இருக்கும் எங்கள் மீனவர் குப்பத்தில் நான் பால்வாடி டீச்சர். ஆபீஸ் பாஷையில் 'முன்பருவக் கல்விப் பணியாளர்'. எனக்கு உதவியாக ஓர் ஆயாவும் உண்டு, காகிதத்தில். அந்தப் போஸ்ட் இரண்டு வருஷமாகக் காலி.

பயிற்சி எப்படி இருக்கும் என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். முதலில் ஒரு குத்துவிளக்கு. கடற்காற்றில் அது எரியாது. பெரிய மனுஷர்கள் ஐந்து பேர் சுற்றி நின்று ஒரு தீப்பெட்டியைக் காலி பண்ணுவார்கள். அப்புறம் ஆளுக்கு ஒரு பை, ஒரு பேனா, ஒரு நோட்டு. அப்புறம் 'விளையாட்டுதான் குழந்தையின் படிப்பு, உட்கார்த்தி வைக்காதீர்கள்' என்று நம்மை மூன்று மணி நேரம் அசையவிடாமல் உட்கார்த்தி வைத்துச் சொல்வார்கள். மற்றவர்களைப் போல நானும் பையை வாங்கிக்கொண்டு, சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்திருந்தால் ஒரு தொல்லையும் இல்லை. பதினோராவது பயிற்சியில் எனக்குப் புத்தி கெட்டுப்போய், அவர்கள் சொன்னதை நம்பிவிட்டேன்.

சொன்னது இதுதான். டீச்சர் என்பவள் பாட்டுச் சொல்லிக்கொடுக்க மட்டும் இல்லை. குழந்தைக்காகக் குரல் கொடுக்க வேண்டியவள். கண்ணால் பார், பார்த்ததை எழுது, எழுதியதை மேலே சொல். நன்றாகத்தானே இருக்கிறது? சரி என்று பார்க்க ஆரம்பித்தேன்.

எங்கள் குப்பத்தில் விடிகிற நேரத்துக்குப் படகுகள் கரையேறும். ஐந்தரைக்கு மணலிலேயே மீன் ஏலம். ஏலம் எடுத்த பெண்கள் கூடையைத் தூக்கிக்கொண்டு, ஆறு மணிக்கு மேல் வருகிற பஸ்ஸைப் பிடித்துத் திருக்கழுக்குன்றம், செங்கல்பட்டு என்று விற்கப் போய்விடுவார்கள். திரும்பி வரப் பன்னிரண்டரை ஆகும். ஆண்கள் ராத்திரியெல்லாம் கடலில் கிடந்துவிட்டு வந்து கட்டையாகத் தூங்குவார்கள். பால்வாடி நேரமோ காலை ஒன்பதரை முதல் மாலை நாலு. அதாவது, பிள்ளைகளைப் பார்க்க ஆள் இல்லாத நேரத்தில் பால்வாடி பூட்டியிருக்கும். அம்மாக்காரி வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போன பிறகு மூன்றரை மணி நேரம் நானும் சுவரில் வரைந்த யானையும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். இந்த நேரத்தை வகுத்த புண்ணியவான், மீன் குழம்புச் சட்டியிலேயே பிறக்கிறது என்று நினைத்திருக்க வேண்டும்.

அப்படி மீன் விற்கப் போகிற முனியம்மாவின் மகள் வினிதாவுக்கு அப்போது மூன்று வயது. யார் கிளம்பினாலும் பின்னாலேயே ஓடுகிற பிள்ளை. ஒரு நாள் காலையில் அம்மா ஏறிய பஸ்ஸின் பின்னாலேயே ஈ.சி.ஆர். ரோட்டில் நடந்து போய்விட்டாள். ரோட்டை அப்போதுதான் அகலப்படுத்தியிருந்தார்கள்; கார்கள் பறந்தன. இளநீர் விற்கிறவர் ஒருத்தர் நடு ரோட்டிலிருந்து அவளை அள்ளிக்கொண்டு வந்து என் கையில் கொடுத்தார். "இன்னா டீச்சர், புள்ளைய இப்டி வுட்டுட்டு இன்னா பண்ணினுகீறீங்க எல்லாரும்?" என்று கேட்டார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

மறுநாளிலிருந்து பதினான்கு நாள், காலை ஆறு மணிக்குக் கடற்கரையில் நின்று எண்ணினேன். ஐந்து வயதுக்குக் கீழே, பெரியவர் துணை இல்லாமல் பத்தொன்பது பிள்ளைகள். பயிற்சியில் சொன்ன மாதிரியே கட்டம் போட்டு எழுதி, 'மையத்தை ஆறு முதல் பன்னிரண்டரை வரை நடத்த அனுமதி வேண்டும்' என்று செங்கல்பட்டில் இருக்கும் எங்கள் ஆபீசுக்கு அனுப்பினேன். பதில் வந்தது. 'காலை ஆறு மணிக்குத் தாங்கள் எந்த உத்தரவின் பேரில் கடற்கரையில் இருந்தீர்கள்? ஒரு வாரத்துக்குள் விளக்கம் தரவும்.'

விளக்கமாவது விளக்குமாறாவது. மறுநாளே ஆறு மணிக்குப் பால்வாடியைத் திறந்துவிட்டேன். பிள்ளைகள் பன்னிரண்டரைக்குப் போனதும் பூட்டிவிடுவேன். மூன்று மணிக்கு இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்தவர்கள் பூட்டைப் பார்த்து மெமோ கொடுத்தார்கள். இரண்டாவது முறை வந்து இரண்டாவது மெமோ. காலை ஆறு மணிக்கு வந்து பார்க்க மட்டும் ஒருத்தருக்கும் வழி தெரியவில்லை.

எங்கள் அதிகாரி கோபாலகிருஷ்ணன் சார். கெட்டவர் என்று சொல்லமாட்டேன். கெட்டவராக இருப்பதற்குக்கூட ஒரு முடிவெடுக்க வேண்டும், அவர் எடுக்கமாட்டார். என்னைக் கூப்பிட்டு ஒரு உறுதிமொழித் தாளை நீட்டினார். 'ஒன்பதரை மணிக்கு முன் எக்காரணம் கொண்டும் குழந்தைகளைப் பொறுப்பேற்க மாட்டேன். மீறினால் வேறு மையத்துக்கு மாற்றப்படச் சம்மதிக்கிறேன்.'

"அடுத்த வாரம் பயிற்சிக்கு வருவீங்க இல்லையா, அது முடியறதுக்குள்ள கையெழுத்துப் போட்டுக் கொடுத்துடுங்கம்மா. இல்லேன்னா மூணாவது மெமோ, மாறுதல். என் கையில ஒண்ணும் இல்லை" என்றார்.

கையெழுத்துப் போட்டால் பிள்ளைகள் மறுபடி ரோட்டில். போடாவிட்டால் நான் வேறு ஊரில், பிள்ளைகள் அதே ரோட்டில். அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டுதான் பதினைந்தாவது பயிற்சிக்குப் போனேன்.

அது மாமல்லபுரத்துக்குச் சற்று வெளியே, எங்கள் குப்பத்துப் பக்கமாக, கடலைப் பார்த்த ஒரு பெரிய ஓட்டலில். மூன்று நாள், அங்கேயே தங்க வேண்டும். தலைப்பு: 'குழந்தைக்காகக் குரல் கொடுப்போம்'. முதல் நாள் நிகழ்ச்சி நிரலைக் கையில் கொடுத்தபோது எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. 'இரண்டாம் நாள், காலை 6 மணி: அனைவருக்கும் யோகா'. ஆறு மணி என்று ஒரு நேரம் இருப்பது எங்கள் ஆபீசுக்குத் தெரியும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

வகுப்பு எடுத்தவர் சென்னையிலிருந்து வந்த ஸ்ரீதேவி மேடம். வெளிநாடெல்லாம் போய் வந்தவர். மேடையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "எப்பவுமே குழந்தையோட கண் மட்டத்துக்கு இறங்கிப் பேசணும்" என்றார். அறுபது பேரும் கழுத்தை அண்ணாந்து அதைக் கேட்டு எழுதிக்கொண்டோம்.

நான் எழுந்தேன். "மேடம், கொழந்த காலையில ஆறு மணிக்கு அழுவுது. பால்வாடி ஒன்பதரைக்குத் தொறக்குது. நடுவுல யாரு அதோட கண்மட்டத்துக்கு எறங்கறது?"

"ரொம்ப அருமையான கேள்வி!" என்று கை தட்டினார். எல்லாரையும் தட்டச் சொன்னார். பிறகு என் கேள்வியை ஒரு மஞ்சள் சீட்டில் எழுதி, சுவரில் 'பார்க்கிங்' என்று எழுதித் தொங்கிய சார்ட்டில் ஒட்டினார். நேரம் கிடைக்கும்போது எடுத்துப் பேசப்போகிற கேள்விகளை அங்கே நிறுத்தி வைப்பார்களாம். பதினைந்து பயிற்சியில் அந்த சார்ட்டிலிருந்து ஒரு வண்டி வெளியே வந்து நான் பார்த்ததில்லை.

மறுநாள் காலை ஆறு மணி. கடலை ஒட்டிய புல்தரையில் அறுபது பேரும் சவாசனத்தில் கிடந்தோம். கோபாலகிருஷ்ணன் சார் அரைக்கால் சட்டையில், கண்ணை மூடி, நிஜமாகவே குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். "மனசுல ஒரு கவலையும் வேண்டாம்" என்று மைக்கில் ஸ்ரீதேவி மேடம். அப்போதுதான் கடற்கரைப் பக்கத்திலிருந்து அந்தக் குரல் கேட்டது.

"டீச்சரக்கா! எங்க கீற? எல்லாம் பொணமாட்டம் பட்த்துகினுகீதே!"

முனியம்மா. இடுப்பில் மீன் கூடை, கையில் வினிதா. பின்னால் நாலைந்து பெண்கள். அவர்களைச் சுற்றி மூக்கு ஒழுகிக்கொண்டு என் பால்வாடி முழுக்க நின்றது.

ஓடிப்போய், "அடியே, இது ட்ரெய்னிங்டி. மூணு நாளு பால்வாடி லீவுன்னு சொன்னேன் இல்ல?" என்றேன்.

"லீவுன்னா எங்களுக்கு இன்னா? மீனு லீவு வுடுதா? நீ கீற எடம்தான பால்வாடி. கரையோரமா நடந்தா அர மணி. இந்தா புடி, நாங்க இப்டியே மெயின் ரோட்டுல பஸ் ஏறிக்கிறோம். நாஸ்தா இங்கியே போட்டுரு." பிள்ளைகளைப் புல்லில் இறக்கிவிட்டு, ஓட்டல் நடுவிலேயே நடந்து வாசல் வழியாகப் போயே போய்விட்டார்கள்.

பத்தொன்பது பிள்ளைகள். ஐந்து நிமிஷத்தில் யோகா பாய்களில் இரண்டு நனைந்தன. ஒருத்தன் அதிகாரியின் செருப்பில் மணலை நிரப்பினான். ஸ்ரீதேவி மேடம் நல்ல மனசோடு ஒரு பிள்ளையின் கண் மட்டத்துக்கு இறங்கினார். அது அவர் மூக்குக் கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டு ஓடியது. "யாராவது பிடிங்களேன்! எனக்குக் குழந்தைங்ககிட்ட நேரடி அனுபவம் கிடையாது!" என்று மைக்கிலேயே கத்திவிட்டார்.

கோபாலகிருஷ்ணன் சார் என்னிடம் ஓடி வந்தார். "என்னம்மா இது அநியாயம்? சீக்கிரம் கூட்டி உட்கார வையுங்க."

மணி ஆறரை. பையிலிருந்து அந்தத் தாளை எடுத்தேன். அவர் கண் முன்னாலேயே கையெழுத்துப் போட்டு நீட்டினேன்.

"ஒன்பதரைக்கு முன்னாடி எக்காரணம் கொண்டும் பொறுப்பேத்துக்கக் கூடாதுன்னு நீங்கதான் சார் எழுதியிருக்கீங்க. போட்டுட்டேன். ஒன்பதரைக்கு வரேன்." பாயில் போய்ப் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டேன்.

வாய்தான் அப்படிப் பேசியது. உள்ளே எனக்குப் பதறியது. எந்த அழுகை யாருடையது என்று கண்ணைத் திறக்காமலே எனக்குத் தெரியும். இவ்வளவு அழுத்தக்காரியாடி நீ என்று என்னையே திட்டிக்கொண்டு படுத்திருந்தேன்.

அரை மணி நேரம் தள்ளினார்கள். அவ்வப்போது ஒரு கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டேன். மேடத்தோடு வகுப்பெடுக்க வந்தவர்களில், குழந்தைகளைப் பற்றிப் புத்தகம் போட்டவர்கள் இரண்டு பேர் அறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டார்கள். என்னைப் போன்ற டீச்சர்கள் எழுந்திருக்கப் பார்த்து, நான் சாடை காட்டியதும் மறுபடி படுத்துக்கொண்டார்கள். வினிதா மட்டும் அழவில்லை. கோபாலகிருஷ்ணன் சாரின் சுண்டுவிரலைப் பிடித்தவள் விடவே இல்லை. அவர் ஒருவழியாக விரலை உருவிக்கொண்டு, "செங்கல்பட்டுல அவசர மீட்டிங், மறந்தே போச்சு" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

ஜீப் கிளம்புகிற சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தேன். வினிதா புல்தரையில் இல்லை.

பாயாவது யோகாவாவது. ஓடினேன். ஓட்டல் வாசலைத் தாண்டி, ஜீப் போன பக்கம், ஈ.சி.ஆர். ரோட்டின் வெள்ளைக் கோட்டுக்கு மேலே அந்தச் சின்ன உருவம் கையை நீட்டிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தது. எதிரே ஒரு பஸ் ஆரன் அடித்துக்கொண்டு வந்தது. நான் போய்ச் சேர்ந்திருக்கமாட்டேன். ஜீப் கிறீச்சிட்டு நின்றது. கண்ணாடியில் பார்த்துவிட்டார் போலிருக்கிறது. அரைக்கால் சட்டையோடு குதித்து வந்து அவளை வாரி எடுத்து ரோட்டோரத்தில் விழுந்தார். பஸ் நிற்காமல் போய்விட்டது.

நான் போனபோது அவர் முட்டியில் ரத்தம். வினிதா அவர் சுண்டுவிரலைத் தேடிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"இது... தினமும் இப்படித்தானாம்மா?"

"நான் ஆறு மணிக்குத் தொறந்தா இல்ல சார்."

ஓட்டல் பேர் போட்ட தாளில், ரிசப்ஷனில் நின்றுகொண்டே எழுதிக் கொடுத்தார். 'மையம் காலை ஆறு முதல் பன்னிரண்டரை வரை இயங்கலாம்.' கையெழுத்து, தேதி. என் உறுதிமொழித் தாளை அவரே கிழித்தார். அந்த ஒரு காலைக்காக அவரை நான் இன்றுவரை மதிக்கிறேன். பிறகு நான் புல்தரைக்குப் போய் ஒரு பாட்டு எடுத்துவிட்டேன். பத்தொன்பதும் வந்து வட்டமாக உட்கார்ந்தது. ஸ்ரீதேவி மேடம் அதைப் போட்டோ எடுத்துக்கொண்டார்.

ஒரு மாசம் ஆறு முதல் பன்னிரண்டரை வரை நிம்மதியாக நடந்தது. முனியம்மா கூடையோடு கிளம்பினால் வினிதா வாசலில் நின்று கையை ஆட்டிவிட்டு உள்ளே ஓடி வந்துவிடுவாள். அப்புறம் செங்கல்பட்டிலிருந்து முத்திரை வைத்த உறை வந்தது. டைப் அடித்த முறையான ஆணை. முன்மாதிரி மையமாக அறிவித்திருந்தார்கள். 'விடியல் மையம்' என்று பேர் வேறு. கோபாலகிருஷ்ணன் சாரின் முன்முயற்சியைப் பாராட்டி நாலு வரி. என் பெயர் இல்லை, போகட்டும். கடைசி வரியைப் படித்தேன். 'மையம் காலை 6 மணி முதல், வழக்கம்போல் மாலை 4 மணி வரை இயங்கும்.' யாரோ ஒருத்தருக்குத் தொடங்குகிற நேரத்தை மாற்றத் தைரியம் வந்திருக்கிறது. முடிகிற நேரத்தை மாற்ற வேறொரு பைல் வேண்டுமாம். ஆயா போஸ்ட் பற்றிப் பேச்சே இல்லை.

மத்தியானம் பிள்ளையைத் தூக்க வந்த முனியம்மாவிடம் அதைப் படித்துக் காட்டினேன். விரல் விட்டு எண்ணிக் காட்டினேன். பத்து மணி நேரம், ஒத்தை ஆள், கடைசி மூன்றரை மணி நேரம் மறுபடி அந்த யானை.

முனியம்மா வினிதாவை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, உறைக்குள் எட்டிப் பார்த்தாள். "அதுல இன்னாவோ இன்னொரு காயிதம் கீதே?"

எடுத்துப் பார்த்தேன். பதினாறாவது பயிற்சிக்கு அழைப்பு.

"எந்த ஓட்டலுன்னு படி டீச்சரக்கா" என்றாள். "எத்தினி மணிக்குப் படுப்பாங்கன்னும் சேத்துப் படி."