சும்மா கொஞ்ச நேரத்துக்கு

1

இந்தக் கதை என் தங்கை சொன்ன ஒரே வரியிலிருந்து வந்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் பாதியில் கையை நிறுத்தி, "சும்மா கொஞ்ச நேரத்துக்குன்னுதான் குடுத்தேன்" என்றாள். தட்டோடு எழுந்து போய்விட்டாள். மீதி நான் கட்டியது.

2

சர்வர் அறையின் குளிரில் அவள் நடுங்கியபடி... (வேண்டாம். அவள் அந்த அறையைப் பார்த்ததே இல்லை. ஜன்னலோர மேஜை, ஆறிப்போன காபி, அவ்வளவுதான்.)

ஒரே கம்ப்யூட்டரில் பல கம்பெனிகளின் புரோகிராம்கள், ஒவ்வொன்றும் தனி கன்டெய்னரில். ஒரே வீட்டில் பல குடித்தனம் மாதிரி. அடுத்தவர் அறைக்குள் யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது. வீட்டுச் சாவி குடித்தனக்காரர் கைக்குப் போகவே கூடாது. அதைக் காப்பதுதான் அவள் வேலை.

ஒரு கடையின் புரோகிராம் 'அனுமதி இல்லை' என்று அடம்பிடித்தது. எந்த அனுமதி என்று தேடப் பொறுமையில்லாமல், முழு அதிகாரத்தையும் கொடுத்துப் பார்த்தாள். ஓடியது. ஓடுகிறதே என்று அப்படியே விட்டுவிட்டாள்.

3

அடுத்த வாரம் ஆபீஸில் பக்கத்து நாற்காலிக்காரர் அவள் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, அந்தக் கடை கன்டெய்னர்ல யாரோ பூந்திருக்கான்."

"உள்ளதான சார் இருக்கான்? வெளிய வர முடியாதே."

"வீட்டுச் சாவியையே குடுத்து வச்சிருக்க. இனி அவனும் வீட்டு ஓனர்தான்."

அதே கம்ப்யூட்டரில்தான் ஒரு மருத்துவமனையின் ரிப்போர்ட்டுகளும் இருந்தன. அவற்றில் ஒன்று அவள் அக்காவின் மார்புக்கட்டி ரிப்போர்ட். (அக்கா எதற்கு? பயத்துக்கு ஒரு முகம் வேண்டுமே.) அக்கா புருஷனுக்குக்கூட அது தெரியாது.

"கடைய மட்டும் மூடிட்டா?"

"அவன் இன்னும் கடையிலதான் இருக்கான்னு யாரு சொன்னா?"

"மொத்த மெஷினையும் நிறுத்திடவா?"

"ஆஸ்பத்திரியும் சேந்து நிக்கும். டாக்டருங்க ரிப்போர்ட் இல்லாம முழிப்பாங்க. யோசிச்சுக்க."

4

முடிவு ஒன்று: நிறுத்துகிறாள். வந்தவன் எதையும் தொடவில்லை. (நீங்கள் நம்ப மாட்டீர்கள். நானும்தான்.)

முடிவு இரண்டு: தயங்குகிறாள். அக்கா புருஷனின் போனுக்கு, தெரியாத நம்பரிலிருந்து ஒரு

(இதற்குமேல் எழுத வரவில்லை.)

5

தங்கையிடம் படிக்கக் கொடுத்தேன். நிஜத்தில் என்ன செய்தாள் என்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

"அந்த அக்கா கதைக்குள்ளயேதான இருப்பா? வெளிய வந்துட மாட்டாளே?"

"வர மாட்டா."

"மாமா நீ எழுதறதெல்லாம் படிப்பாரே, அக்கா."

அந்த அக்காவைக் கதையிலிருந்து எடுத்துப் பார்த்தேன். அக்கா இல்லாமல் கதை ஓடவில்லை. திரும்ப வைத்தேன். ஓடியது. சும்மா கொஞ்ச நேரத்துக்குத்தான்.

கதையில் தங்கையின் விரல் இன்னும் மெஷினை நிறுத்தும் பொத்தான்மேல் இருக்கிறது. நிறுத்தலாமா, வேண்டாமா? நீங்களே சொல்லிவிடுங்கள். (கொஞ்சம் சீக்கிரம். கூடத்தில் அவர் படிக்கிற கண்ணாடியைத் தேடுகிற சத்தம் கேட்கிறது