வீட்டில் இல்லை

தினகரனின் டேப்லெட்டில் தினமும் காலையில் அன்றைய பட்டியல் வரும். யாரைப் பார்க்க வேண்டும், எந்த எஸ்டேட், தொழிலாளர் குடியிருப்பில் எந்த லயன் வரிசை என்று வரிசையாக இருக்கும். கொஞ்ச நாளாகப் பட்டியலின் அடியில் ஒரே பெயர் நின்றது. ரேகா, அரவேணு. அது அவன் மனைவியின் பெயர். போன ஆடி மழைக்காலத்தில் இறந்துபோனாள்.

சின்ன வயதில் மூட்டுக் காய்ச்சல் வந்து, அதனால் இதய வால்வு கெட்டுப்போனவர்களைப் பற்றியது அந்த ஆய்வு. கோயமுத்தூரில் ஓர் ஆராய்ச்சி நிலையம் நடத்தியது. கோத்தகிரிப் பக்கத்து எஸ்டேட்களில் இருக்கும் நோயாளிகளை ஐந்து வருடம் பின்தொடர வேண்டும். யாருக்கு நோய் முற்றுகிறது, யாருக்கு அப்படியே நிற்கிறது, எதனால் என்று பார்க்க வேண்டும். தினகரன் பி.எஸ்சி. முடித்த கையோடு அதில் களப்பணியாளனாகச் சேர்ந்தான். அதே வருடம் ரேகா நோயாளியாகச் சேர்ந்தாள். இருவருக்கும் பழக்கம் ஏற்பட்டது அப்படித்தான்.

இப்போது ஐந்தாம் வருடம். ஒவ்வொருவருக்கும் கடைசி நிலையைப் பதிய வேண்டும். டேப்லெட்டில் ஐந்து பொத்தான்கள் உண்டு. பார்த்தாயிற்று. வீட்டில் இல்லை. ஊர் மாறிவிட்டார். மறுத்துவிட்டார். இறந்துவிட்டார். கடைசிப் பொத்தானை அழுத்தினால், நெருங்கிய உறவினரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் நீளமாக விரியும். 'வீட்டில் இல்லை' என்று அழுத்தினால் இரண்டு வாரம் கழித்து மறுபடி முயலச் சொல்லும். அதுவரை பெயர் பட்டியலில் இருக்கும். மூன்று முறை அப்படி ஆனால், 'தொடர்பு அற்றவர்' என்று அதுவே மூடிவிடும்.

தினகரன் ரேகாவுக்கு இரண்டு முறை 'வீட்டில் இல்லை' என்று அழுத்தியிருந்தான். யோசித்துச் செய்ததில்லை. முதல் முறை அந்தப் பெயரைப் பார்த்தபோது விரல் அங்கே போனது. அவள் வீட்டில் இல்லை என்பதும் உண்மைதானே. பிறகு காலையில் எழுந்ததும் பட்டியலின் அடிக்குப் போய்ப் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பது பழக்கமாகிவிட்டது. அதைப் பார்த்த பிறகுதான் பல் துலக்குவான்.

மூன்றாவது முறைக்கான நாள் வந்தது. அன்று அவனும் தபித்தாளும் கட்டபெட்டுப் பக்கம் ஒரு லயனுக்கு வீரம்மாவைப் பார்க்கப் போனார்கள். தபித்தாள் களப்பணிக்கு மேற்பார்வை. வயதில் மூத்தவள். முன்பு ஒரு எஸ்டேட் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள்.

வீரம்மா இலை பறிப்பவள். ஸ்வெட்டரில் ஒரு கையை மட்டும் உருவிக்கொண்டு நீட்டினாள். தினகரன் ரத்த அழுத்தம் பார்த்து எண்ணைச் சொன்னான்.

"ஏனுங்க தம்பி, அவ்வளவா? கழிச்சுட்டுச் சொல்றீங்களா, கழிக்காமயா?"

"இதுல கழிக்கறது இல்லீங்க."

"அதெப்படீங்க? இலை நிறுக்கையில ஈரத்துக்குன்னு கழிக்கறாங்க, சாக்குக்குன்னு கழிக்கறாங்க. எனக்கு மட்டும் முழுசா எழுதினா என்ன நாயம்? இந்தக் கையில இன்னும் ஸ்வெட்டர் இருக்குதில்ல, அதுக்காச்சும் ஒரு பத்தக் கழிங்க."

"நீ வாயை மூடினாலே பத்து குறையும்" என்றாள் தபித்தாள்.

வீரம்மா சிரித்தாள். ஐந்து வருடமாக இதே பேச்சு. எந்த அளவு எடுத்தாலும் அது தனக்குச் சாதகமாக வர வேண்டும் என்று அந்த லயனில் எல்லோருக்கும் ஓர் எண்ணம். சோதனைக்கு முந்தின நாள் உப்பில்லாமல் சாப்பிடுவார்கள். விட்டுப்போன மாத்திரையையும் சேர்த்து விழுங்குவார்கள். நடைச் சோதனை என்றால் கேட்கவே வேண்டாம். ஆறு நிமிடம் அவரவர் நடையில் நடக்க வேண்டும், எவ்வளவு தூரம் என்று அளப்பார்கள், அவ்வளவுதான். ஆனால் அந்த மலையில் சமமாக, நேராக முப்பது மீட்டர் தரை கிடைப்பது அபூர்வம். தேடி அலைந்து, பேக்டரியில் பச்சை இலையை வாட்டப் போடும் மாடியைக் கேட்டு வாங்கினார்கள். பேக்டரிக்கு லீவு விடும் நாளில் அங்கே நடக்கவைப்பார்கள். ஒருவர் நடக்க, மற்றவர்கள் சுவரோரம் உட்கார்ந்து அவர் எத்தனை தடவை திரும்பினார் என்று எண்ணுவார்கள். அது பந்தயமாகிவிட்டது.

"நாளைக்கு நடையிருக்குதல்ல?" என்றாள் வீரம்மா. "அந்தப் பொண்ணு வருதுங்களா? அரவேணுப் பொண்ணு, ரேகா. ரெண்டு வருசமா என்னைய முந்திட்டு நாக்க நீட்டிக் காட்டுது. இந்த வருசம் உடமாட்டேன்."

ரேகா அவன் மனைவி என்பது வீரம்மாவுக்குத் தெரியாது. வருடத்தில் ஒரு நாள் மாடியில் பார்த்துக்கொள்வதோடு சரி.

"அவங்க வீட்டில் இல்லீங்க" என்றான் தினகரன்.

"எங்க போயிருக்குது?"

"தெரியலீங்க."

"வந்தாச் சொல்லுங்க. வீரம்மா இந்த வருசம் மாத்திரையெல்லாம் சரியாத் தின்னுட்டு வர்றான்னு சொல்லுங்க. பயப்படட்டும்."

"சொல்றேன்" என்றான்.

தபித்தாள் ரத்த மாதிரிக் குழாய்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். பெட்டியை மூடினாள்.

பஸ்ஸில் இருவரும் திரும்பினார்கள். அரவேணுவில் அவன் இறங்கியபோது அவளும் இறங்கினாள். அவள் இறங்க வேண்டிய இடம் கோத்தகிரி.

"ஊட்டுல பால் இருக்குதா?"

"இருக்கும்."

"அப்ப டீ போடு."

வீட்டில் ரேகாவின் செருப்பு இருந்த இடத்தில்தான் இருந்தது. தபித்தாள் தன் செருப்பை அதற்குப் பக்கத்தில் விட்டாள். டீயைக் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தாள்.

"ரெண்டு தடவை வீட்டில் இல்லைன்னு போட்டிருக்கே. நான் பாத்துட்டுத்தான் இருக்கேன். சரி, அவனாத் தெளியட்டும்னு உட்டேன்."

"மூணாவது இன்னைக்குங்க அக்கா. அதோட மூடிக்கும்."

"மூடிக்கும். அப்பறம்? தொடர்பு அற்றவங்களை மொத்தமா எடுத்துட்டுத்தான் கணக்குப் போடுவாங்க. அவ வயசுல நம்ம பட்டியல்ல இருக்கறதே ரொம்பக் கொஞ்சம். அவளையும் எடுத்துட்டா, சின்ன வயசுல யாரும் சாகலைன்னு வரும். அதப் படிக்கிற டாக்டர் இதே மாதிரி ஒரு பொண்ண, உனக்கொண்ணும் அவசரமில்லைம்மான்னு அனுப்பிடுவார்."

"சாகலைன்னே வரட்டும்."

"இன்னொருத்தர் ஊட்டுல இப்பிடிப் போடுவியா?"

போட மாட்டான். மகனைப் பறிகொடுத்த ஒருவரிடம் அரை நாள் உட்கார்ந்து எல்லாக் கேள்விக்கும் பதில் வாங்கி வந்தவன் அவன்.

"இன்னைக்கு வரைக்கும் அது உனக்கும் அந்த டேப்லெட்டுக்கும் நடுவுல இருந்துச்சு" என்றாள் தபித்தாள். "இப்ப கட்டபெட்டுல ஒரு பொம்பளை அவளோட நடக்கறதுக்கு மாத்திரை தின்னுட்டுக் காத்துட்டிருக்கா. அதுக்கென்ன சொல்றே?"

அவன் காலி டம்ளர்களை ஓரமாக நகர்த்தினான். பிறகு அவன் கேட்டான். "யாரு கேப்பாங்க, கேள்வியை?"

"அவளை மூணு வருசமாக் கேட்டது நான். கடைசிக் கேள்வியும் நானே கேக்கறேன்."

கல்யாணத்துக்குப் பிறகு ரேகாவின் கோப்பு தபித்தாளிடம் போனது; பெயர் மட்டும் அவன் ஏரியாப் பட்டியலிலேயே இருந்தது. சொந்தக்காரரைச் சொந்தக்காரர் கேள்வி கேட்கக் கூடாது என்பது விதி. தபித்தாள் வரும் நாளில் ரேகா அவனை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்துவாள். "போங்க போங்க, இது ரகசியம். போயி தக்காளி வாங்கிட்டு வாங்க" என்பாள். அவன் தக்காளியோடு வந்து வாசலில் நிற்பான். உள்ளே இரண்டு பேரும் சிரிப்பது கேட்கும்.

"என்ன சொல்லுவா அக்கா உங்ககிட்ட?"

"அது அவ சொன்னது. உனக்குச் சொல்லக் கூடாது. உனக்கே தெரியும்." தபித்தாள் டேப்லெட்டை மடியில் வைத்துக்கொண்டாள். குரலை வேலைக்கான குரலாக மாற்றிக்கொண்டாள். "சிறு வயதில் எத்தனை பேர் ஓர் அறையில் படுத்தார்கள்?"

"எல்லாரும். லயன் வீட்டுல ஒரே அறை. அப்பா, அம்மா, அக்காளுங்க, அத்தை."

"தொண்டை வலியும் காய்ச்சலும் அடிக்கடி வந்ததுண்டா?"

"வரும்னு சொல்லுவா. உப்புத்தண்ணியில கொப்புளிச்சுட்டு ஸ்கூலுக்குப் போயிடுவாளாம்."

இவை அவன் ஏற்கெனவே எழுதிய பதில்கள். முதல் வருடம் முகாமில் அவள் எதிரே உட்கார்ந்து இதே கேள்விகளை அவன்தான் கேட்டான். அதன் பிறகு இதயத்துக்கு எக்கோ ஸ்கேன் எடுப்பதற்காக நோயாளிகளை வேனில் கோயமுத்தூருக்கு அழைத்துப்போனார்கள். அன்று வேன் சுற்றுவழியில் மலையிறங்கிப் பர்லியாரில் நின்றது. எல்லோரும் பழக்கடைப் பக்கம் போனார்கள். ரேகா மங்குஸ்தான் வாங்கிக்கொண்டு அவனிடம் வந்தாள்.

"ஏனுங்க, என்னையப் பத்தி உங்களுக்கு எல்லாம் தெரியும். எங்க ஊட்டுல எத்தனை பேர் படுக்கறோம்கற வரைக்கும் தெரியும். உங்களைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. இது சரியில்லீங்களே. நான் கேக்கறேன், பதில் சொல்லுங்க."

கேட்டாள். ஒரு கேள்விகூட விடாமல், அவன் கேட்ட அதே வரிசையில். பீடி, சிகரெட் உண்டா? மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குமா? சம்பாதிப்பவர் யார்? அவன் கை கட்டி நின்று பதில் சொன்னான். கடைசியில், "கலியாணம் ஆயிடுச்சா?" என்றாள்.

"அது முதல் பக்கத்துலயே வர்ற கேள்வி" என்றான்.

"தெரியும். நாந்தான் கடைசிக்குத் தள்ளி வெச்சேன்" என்று சொல்லி ஒரு பழத்தை உடைத்துப் பாதியைக் கொடுத்தாள். அவள் விரல்களில் தோலின் சாயம் ஏறியிருந்தது.

"தினா" என்றாள் தபித்தாள். "ஊசி தவறியதுண்டா?"

காய்ச்சல் மறுபடி வராமலிருக்க மூன்று வாரத்துக்கு ஒரு முறை பென்சிலின் ஊசி. வாழ்நாள் முழுக்க. ஊசி நாளில் அவனும் கோத்தகிரிக்குக் கூடப் போவான். போட்ட பிறகு ஒரு காலை இழுத்துக்கொண்டு நடப்பாள். பஸ்ஸில் ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் உட்கார முடியும். "சன்னலோர சீட்டு குடுத்தாத்தான் அடுத்த தடவை வருவேன்" என்பாள். அரவேணு வரும்வரை வெளியே கையை நீட்டிப் பனியைப் பிடித்துக்கொண்டே வருவாள்.

"மண்சரிவுல ரோடு அடைச்சப்ப ஒண்ணு தவறிச்சு."

"வேற?"

"கல்யாண நாளுக்கு ஒண்ணு. மலை ரயில்ல மேட்டுப்பாளையம் போகணும்னா. நாளைக்குப் போட்டுக்கலாம்னா. நானும் சரின்னேன். அப்பறம் மருந்து ஸ்டாக் இல்லைன்னாங்க. அப்பிடியே தள்ளிப்போச்சு." நிறுத்தினான். "அதனாலதானா அக்கா?"

தபித்தாள் எழுதி முடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"ஒரு ஊசியில ஒண்ணுமாகாதுன்னு சொல்ல எனக்குத் தெரியாது. ஆகும்னு சொல்லவும் தெரியாது. ஒருத்தரை மட்டும் பாத்தா யாருக்கும் தெரியாது. அதுக்குத்தானே இத்தனை பேரைத் தேடித் தேடிக் கேக்கறோம். ரயில் எப்பிடி இருந்துச்சு?"

"அது கேள்வியில இருக்கா?"

"இல்லை."

"குகை வந்தப்ப எல்லாம் கத்தினா. ஸ்கூல் பசங்களோட சேந்து."

தபித்தாள் தலையை ஆட்டினாள். அதை எழுதவில்லை. அடுத்த கேள்விக்குப் போனாள். "படுத்தால் மூச்சு வாங்கியதா? தலைக்கு எத்தனை தலையணை?"

"முதல்ல ரெண்டு. அப்பறம் மூணு. கடைசியில தலையணையே இல்லை. உக்காந்து என் மேல சாஞ்சு தூங்குவா." அவன் தன் தோளைப் பார்த்தான். "அதை எத்தனைன்னு போடறது?"

"நீ சொன்னதை அப்பிடியே எழுதறேன்."

எழுத நேரமாயிற்று. எழுதும்போது அவள் மூக்கை உறிஞ்சினாள். பனி என்றாள்.

இன்னும் சில கேள்விகள். எந்த ஆஸ்பத்திரி, எந்த வேளை, கூட யார் இருந்தார்கள். எல்லாவற்றுக்கும் சொன்னான். குரல் மாறவில்லை. பஸ் நேரம் சொல்வது போலச் சொன்னான். முடிந்ததும் தபித்தாள் டேப்லெட்டை அவனிடம் நீட்டினாள்.

"நிலையை நீதான் அழுத்தணும். இந்த ஏரியா உன்னோடது."

ஐந்து பொத்தான்கள். அவன் விரல் இரண்டாவதன் மேல் கொஞ்ச நேரம் நின்றது. நாளைக் காலை எழுந்து எதைப் பார்ப்பது என்று நினைத்தான். பிறகு விரல் கீழே இறங்கியது. ஐந்தாவதை அழுத்தினான். திரை சின்னதாக ஒரு சுற்றுச் சுற்றி, 'பதிவாயிற்று' என்றது. பட்டியல் ஒரு வரி குறைந்தது.

தபித்தாள் டம்ளர்களைக் கழுவி வைத்துவிட்டுக் கிளம்பினாள். அவன் வாசலில் நின்று வீரம்மாவின் எண்ணைத் தேடி அழைத்தான். அவள் எடுத்ததும் கோழிச் சத்தம் கேட்டது.

"நான் தினகரன் பேசறேங்க. ரேகா என் சம்சாரம்ங்க. போன ஆடியில செத்துப்போயிட்டா. காலையில சொல்லாம விட்டுட்டேன்."

இந்த வார்த்தையை அவன் சொல்வது இதுதான் முதல் தடவை. எல்லோருக்கும் அவனுக்காக வேறு யாரோ சொல்லியிருந்தார்கள்.

அந்தப் பக்கம் கோழியை யாரோ விரட்டினார்கள்.

"அட சாமி" என்றாள் வீரம்மா. "அந்தப் புள்ளையா?" பிறகு, "அப்ப என்னத்துக்குத் தம்பி, தெரியலைன்னு சொன்னீங்க?"

"தெரியலீங்க."

"ம்" என்றாள். "நாளைக்கு நான் வர்றேன். ஆனா வெரசா எல்லாம் நடக்கமாட்டேன். இப்பவே சொல்லிட்டேன். எனக்கு முடிஞ்ச மட்டும்தான் நடப்பேன். அப்பறம் குறைஞ்சு போச்சுன்னு என்னையக் கேக்கப்படாது."

"கேக்க மாட்டேங்க" என்றான் தினகரன். "உங்க நடையில நடந்தாப் போதும்."