பவுடர் போட்டுக்கொண்டு பட்டறைக்கு

லாரி ஸ்டியரிங் ஆட்டம் கண்டுவிட்டதை என் வீட்டுக்காரர் வாய்விட்டுச் சொல்லவே வேண்டியதில்லை. காலையில் கண்ணாடியை ஜன்னலில் சாய்த்து வைத்து, முகத்தை மழமழவென்று சிரைத்துக்கொண்டு, என் பவுடர் டப்பாவைத் தேடினார் என்றால் அன்றைக்கு வண்டி திண்டிவனம் பட்டறைக்குப் போகிறது என்று அர்த்தம். மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, மூட்டை ஏற்றப் போகும்போது முள்ளுத் தாடியோடு போகிற மனிதர் அவர். வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடக்கிற மெக்கானிக்கைப் பார்க்க எதற்குப் பவுடர்?

எங்களுக்கு விழுப்புரம். நான் சொல்வது ஐம்பத்தெட்டாம் வருஷத்துக் கதை. மிலிட்டரியில் கழித்துவிட்ட பழைய லாரியை, என் காதிலும் கழுத்திலும் கிடந்ததைப் போட்டு வாங்கி, கோலியனூர்ப் பக்கத்து மல்லாட்டையைப் பட்டணத்து எண்ணெய் மில்லுக்கு ஏற்றிக்கொண்டிருந்தார். விழுப்புரத்தில் ரயிலடிப் பக்கம் போனால் பட்டறைக்கா பஞ்சம்? பிரேக்கு, ரேடியேட்டர் எல்லாம் அங்கேதான் பார்ப்பார். ஸ்டியரிங் என்றால் மட்டும் திண்டிவனம் அடைக்கலராஜ். அவன் கை வேறு யாருக்கும் வராதாம்.

அடைக்கலராஜின் கையோடு எனக்கு ஒரு வழக்கும் இல்லை. அவன் தங்கை லூர்துசெல்வியோடுதான். அவள் பட்டறையின் முன்னறையில் உட்கார்ந்து நட்டு, போல்ட்டு, சாமான் விற்பாள். அண்ணனுக்கும் வந்தவர்களுக்கும் காப்பி போட்டுத் தருவாள். ஒருமுறை என்னையும் லாரியில் கூட்டிப் போனபோது பார்த்தேன். ஒல்லியாக, உயரமாக, நீலப்புடவையில் ஒரு கறை இல்லாமல் இருந்தாள். கிரீஸும் கரியும் கொட்டிக் கிடக்கிற இடத்தில் ஒருத்தி எப்படிக் கறை படாமல் இருக்கிறாள்? எனக்கு அடுப்படியிலேயே புடவை கறுத்துவிடுகிறது. அன்றைக்கு வயிற்றுக்குள் பற்றிக்கொண்டது அப்புறம் அணையவேயில்லை. பொறாமை என்றால் பொறாமைதான். அதற்கு வேறு பெயர் தேடிக்கொண்டிருக்க எனக்கு நேரமில்லை.

அதுவும் போகட்டும். ஒருநாள் என் மீன்குழம்பைச் சாப்பிட்டுக்கொண்டே, "அவங்க வூட்ல மாங்கா போட்டு வெக்கிறாங்க" என்றார். யார் வீட்டில் என்று நான் கேட்கவில்லை. மறுநாள் மாங்காய் போட்டு வைத்தேன். புளிப்பு ஜாஸ்தி என்று ஒதுக்கி வைத்துவிட்டுப் போனார்.

ஆயுத பூஜைக்குக் கொஞ்சம் முன்னால் மறுபடியும் கண்ணாடி ஜன்னலுக்கு ஏறியது. டை ராடு எண்டு போய்விட்டதாம். முன்சக்கரம் இரண்டையும் சேர்த்துப் பிடித்திருக்கிற நீளக் கம்பிதான் டை ராடு. அதன் நுனியில் குண்டு வைத்த முட்டு ஒன்று இருக்கும், அதுதான் எண்டு. அது தேய்ந்தால் ஸ்டியரிங்கை ஒரு பக்கம் திருப்ப, வண்டி வேறு யோசனையில் போகும். ஆனால் பொங்கலுக்கு முன்னால்தான் அதே எண்டை அதே அடைக்கலராஜ் மாற்றியிருந்தான்.

இந்தத் தடவை நான் முந்திக்கொண்டேன். பட்டணத்தில் சாமான் கடையில் வேலை பார்க்கிற என் தம்பி சீனுவாசனுக்குச் சொல்லியனுப்பி, புது எண்டு ஒன்றை ரயிலில் வருகிறவர் கையில் வரவழைத்துவிட்டேன். அதை அவர் முன்னால் வைத்து, "சாமான் கையில இருக்குது. ஸ்பேனர் இருக்குது. மெக்கானிக்குக்கு எதுக்குங்க கூலி? இத்தினி தடவ பக்கத்துல குந்திக்கினு பாத்துருக்கீங்க, நீங்களே மாத்துங்க" என்றேன். அது பேஜாரு பிடித்த வேலை, சக்கரம் கோணிக்கொள்ளும், டயர் தின்றுவிடும் என்று என்னென்னவோ சொன்னார். கூலியை மிச்சம் பிடித்தால் என் தோட்டையாவது திரும்ப வாங்கலாமே என்றேன். பாதி சிரைத்த முகத்தை மீதியும் சிரைத்துக்கொண்டு, பவுடர் போடாமல் வெளியே வந்தார்.

வேப்பமரத்தடியில் ஜாக்கி கொடுத்து வண்டியைத் தூக்கினார். நான் பக்கத்திலேயே உட்கார்ந்து ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தேன். அத்தனை தடவை பட்டறையில் இருந்தவருக்கு நட்டு எந்தப் பக்கம் கழலும் என்றுகூடத் தெரியவில்லை. கண் எங்கே இருந்திருக்கும் என்று எனக்கா தெரியாது? பழைய எண்டு கம்பிக்குள் எவ்வளவு தூரம் ஏறியிருக்கிறதென்று பூக்கட்டும் நாரை வைத்து அளந்து முடிச்சுப் போட்டது நான்தான். புதுசையும் அதே அளவுக்குத் திருகச் சொன்னேன். சக்கரம் கோணவில்லை.

முடுக்குவதற்கு முன்னால் நிறுத்தச் சொன்னேன். வீட்டுக்குள் புதிதாக எது வந்தாலும், குடமானாலும் சைக்கிளானாலும், சந்தனமும் குங்குமமும் வைக்காமல் நாங்கள் கையாளுவதில்லை. பூஜை வேறு நெருங்குகிறது. எண்டில் மேலே கூம்பிக்கொண்டு போகிற ஆணி மாதிரிப் பின் ஒன்று பளபளவென்று இருந்தது. நல்ல இடமாகப் பார்த்து அந்தப் பின்னைச் சுற்றிச் சந்தனத்தைக் குழைத்து, விரல் விரலாக, தாராளமாகப் பூசினேன். இந்த வண்டி இனிமேல் திண்டிவனத்தில் நிற்கக்கூடாது என்று மயிலம் முருகனை வேண்டிக்கொண்டேன். என் வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். சாமி காரியம் என்று விட்டுவிட்டார். அப்படியே பின்னை ஓட்டைக்குள் ஏற்றி நட்டை முடுக்கினார். கிரீஸ் அடிக்க வேண்டாமா என்று கேட்டேன். டப்பா சீட்டுக்கு அடியில் இருக்கிறது, அப்புறம் அடித்துக்கொள்கிறேன் என்றார். தை மாதம் அவர் கேட்டு நான் வாங்கிக் கொடுத்த டப்பா அது.

கோலியனூர் வரை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தார். வண்டி நேராகப் போனது. எனக்குத் தலைகால் புரியவில்லை. பூஜையன்று வாழைக்கன்று கட்டி, எலுமிச்சம்பழத்தை நசுக்கி, ஊருக்கே பொரிகடலை கொடுத்தேன்.

பூஜை கழிந்து முதல் லோடு பட்டணத்துக்கு. திண்டிவனத்தில் இருக்கிற சித்தி வீரம்மாளைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி நானும் ஏறிக்கொண்டேன். பொய்தான். பட்டறையை நிறுத்தாமல் தாண்டிப் போகிறதை என் கண்ணால் பார்க்க வேண்டும். தாண்டும்போது முன்னறையில் அவள் உட்கார்ந்திருக்க வேண்டும். அதற்காகவே நல்ல புடவையாகக் கட்டியிருந்தேன்.

விக்கிரவாண்டி தாண்டியதும் ஸ்டியரிங் லேசாக உதறியது. கூட்டேரிப்பட்டுக்குக் கிட்டே வண்டி புளியமரத்தைப் பார்த்து இழுத்தது. அவர் இரண்டு கையாலும் மல்லுக்கட்டித் திருப்பி நிறுத்தினார். எனக்கு உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. அப்புறம் நடக்கிற வேகத்தில் உருட்டிக்கொண்டு வந்து, எங்கே நிற்கக்கூடாதென்று நான் வேண்டினேனோ அங்கேயே வண்டியை நிறுத்தினார். இறங்குவதற்கு முன் தலையைத் தடவிச் சரிசெய்துகொண்டார். சாவு பக்கத்தில் வந்துவிட்டுப் போயிருக்கிறது, இவருக்குத் தலைமுடி!

அடைக்கலராஜ் நட்டைக் கழற்றி எண்டைத் தட்டி எடுத்தான். பின்னிலிருந்து சந்தனம் பொடிப்பொடியாகக் கொட்டியது. அவன் அதை மோந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்தான்.

"இது கூம்பு மாதிரி டேப்பர் பின்னு, அக்கா. இரும்ப இரும்பு கடிச்சிக்கினு நிக்கணும். நடுவுல ஒரு தூசி இருக்கக்கூடாது. சந்தனம் காஞ்சு உதிர்ந்தா பின்னு ஆடிக்கினேதான் இருக்கும்" என்றான். சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

லூர்துசெல்வி காப்பி கொண்டுவந்தாள். எனக்கு முதலில் கொடுத்து, வேர்வை துடைக்கத் துண்டும் கொடுத்தாள். கெட்டவளாக இருந்தால் வெறுத்துத் தொலைக்கலாம். காப்பி வேறு நன்றாக இருந்தது.

அடைக்கலராஜ் அந்தப் பக்கத்து எண்டையும் ஆட்டிப் பார்த்தான். துணியால் துடைத்து விரலை விட்டுப் பார்த்தான். எலும்பு மாதிரி காய்ந்து கிடந்தது. என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினான்.

"முருகையண்ணே, சந்தனத்தையே சொல்லிக்கினு இருக்கறோம். கிரீஸ் எங்கண்ணே? ஒவ்வொரு தபாவும் சொல்றேன். வாரம் ஒருவாட்டி கிரீஸ் கன்னு புடிச்சா நீ ரெண்டு வருசத்துக்கு இந்தப் பக்கமே வர வேணாம்."

மறந்துபோகிறது என்று அவர் முனகினார். வெற்றிலையை மறக்காதவர், பவுடரை மறக்காதவர். நான் லாரியில் ஏறி சீட்டைத் தூக்கினேன். கிரீஸ் டப்பா கடையில் வாங்கியபோது இருந்த மாதிரியே இருந்தது. மூடிமேல் ஒட்டிய காகிதம்கூடக் கிழியவில்லை.

டப்பாவோடு இறங்கி அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. காலி டம்ளரோடு உள்ளே போகிற லூர்துசெல்வியின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவளுக்கு ஒன்றும் தெரியாது. வருகிற ஒவ்வொரு வண்டிக்கும் காப்பி கொடுக்கிறவள். இந்த மனிதர்தான் அந்த ஒரு காப்பிக்காக, என் நகையில் வாங்கிய லாரியைக் காயப்போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். கூட்டேரிப்பட்டுப் புளியமரம் என் நினைவுக்கு வந்தது.

அடைக்கலராஜிடம் கிரீஸ் கன்னை வாங்கி, எங்கெங்கே பிடிக்க வேண்டும் என்று காட்டச் சொன்னேன். நல்ல புடவையோடு வண்டிக்கு அடியில் போய் மல்லாந்து படுத்து, பழைய கிரீஸ் பிதுங்கி வழிகிறவரைக்கும் அடித்தேன். வெளியே வந்து அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னேன்.

"இனிமே இது என் வேலைங்க. நீங்க ஓட்டுனா போதும்."

அதன் பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தலைக்குக் குளிப்பதற்கு முன்னால் நான் கிரீஸ் கன்னோடு லாரிக்கு அடியில் போய்விடுவேன். தெருப் பெண்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும். பொங்கல் போனது, ஆடி போனது, அடுத்த ஆயுத பூஜையும் வந்தது. எண்டுக்குச் சந்தனம் வைக்கவில்லை, பானெட்டுக்கு வைத்தேன்.

ஒருநாள் காலையில் கண்ணாடி மறுபடியும் ஜன்னலுக்கு ஏறியது. நான் அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மழமழவென்று சிரைத்து, பவுடர் போட்டுக்கொண்டு லாரிக்குப் போனார். ஜன்னல் வழியாகக் கைவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்து இப்படியும் அப்படியும் அசைத்துப் பார்த்தார். துளி ஆட்டம் இல்லை. குனிந்து எண்டைப் பிடித்து உலுக்கினார். அது கல் மாதிரி நின்றது. திண்டிவனம் போவதற்கு ஒரு காரணமும் இல்லாமல், வெள்ளை முகத்தோடு வேப்பமரத்தடியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, தோள் துண்டால் பவுடரைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்து சாப்பிட உட்கார்ந்தார்.

நான் ஜெயித்துவிட்டேன் என்றுதான் கேப்பைக் களியைப் போட்டேன். நிமிர்ந்து அந்த முகத்தைப் பார்த்தேன். கல்யாணமான நாளிலிருந்து எனக்காக ஒருதரம்கூட அந்த முகம் அப்படி வாடியதில்லை.