பதினொரு அட்டைகளில் மண்டியிட்டவர்

அடக்கத்துக்கு நான்கு நாள் இருந்தது. வழிபாட்டுத் தாளின் முகப்பில் அச்சிட இறந்துபோன கிளைவின் படம் வேண்டும் என்றார் பாதிரியார். அவர் மனைவி அயோனிடம் இருந்தது ஒன்றே ஒன்று: பார்படோஸிலிருந்து கப்பலேறும்போது பாஸ்போர்ட்டுக்காக எடுத்தது. மீசை அரும்பாத அந்தப் பையனை அவள் பார்த்ததுகூட இல்லை. அவள் மணந்தது லண்டன் பேருந்தில் இருபது வருடம் டிக்கெட் கிழித்தவரை. அவரோ கேமராவைக் கண்டாலே நழுவிவிடுவார்.

ஆனால் அவர் முகம் பதினொரு புத்தகங்களின் அட்டையில் இருந்தது. பச்சை நிறத்தில்.

இரண்டு தெரு தள்ளியிருந்த ஓவியர் பெல், தொலைக்காட்சியில் வந்த விண்வெளித் தொடர் ஒன்றின் நாவல்களுக்கு அட்டை வரைந்தார். கதைகளில் கேப்டன் வாளோடு கிரகம் கிரகமாகத் தாவுவான், கொடி நடுவான், பச்சைத் தோல் பூர்வகுடித் தலைவன் அவன் காலடியில் மண்டியிடுவான். அந்தத் தலைவனுக்கு மாதிரியாக, காலை ஷிப்ட் முடிந்த புதன்கிழமைகளில் கிளைவ் போவார். பெல் புகைப்படம் எடுத்துவைத்து அதைப் பார்த்து வரைவார். அந்த மாலைகளில் கிளைவ் அவளிடம் சொல்வார்:

"இன்னைக்கும் என் கிரகத்தைப் பிடிச்சுட்டாங்க, அயோன்."

"எழுந்து ரெண்டு போடு போட வேண்டியதுதானே?"

"டீ ஆறிடுமே! நம்ம ஊர்ல வெள்ளைக்காரனுங்க முன்னூறு வருஷம் இருந்தானுங்க, ஒரு வாய் டீ குடுத்தானுங்களா?"

அயோன் பெல்லின் மாடியறைக்கு ஏறினாள். அவர் புகைப்படப் பெட்டியைத் திறந்து மேசைமேல் பரப்பினார். கிளைவ் மண்டியிட்டிருந்தார். எல்லாவற்றிலும். எதிரே யாரோ நீட்டிய திரைச்சீலைக் கம்பிதான் வாள்.

"நிக்கிற மாதிரி ஒண்ணுகூட இல்லையா, மிஸ்டர் பெல்?"

"கதையில அவங்க நிக்கறதே இல்லையே, மிஸஸ் அலேன்." சொன்னபிறகு அவர் முகம் சிவந்தது. "கேப்டன் மூஞ்சிய மூணு தடவை அனுப்பி டிவி கம்பெனிக்காரங்ககிட்ட சரி வாங்கணும். மூக்கு கொஞ்சம் கோணினாலும் திருப்பி அனுப்பிடுவாங்க. உங்க வீட்டுக்காரரைப் பத்தி ஒருத்தரும் கேட்டதில்ல."

பிறகு ஒரு படத்தை எடுத்து நீட்டினார். "இந்தக் கண்ணைப் பாருங்க. கடவுளையே நேர்ல பார்த்த மாதிரி இருக்குன்னு வாசகருங்க கடிதம் போட்டாங்க."

அயோன் பார்த்தாள். கிளைவ் கம்பியைப் பார்க்கவில்லை. அதற்கும் மேலே எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. அந்தப் பார்வையை அவளுக்குத் தெரியும்.

"அவர் எங்க மண்டிபோடுவார்?"

பெல் ஜன்னலோரத்தைக் காட்டினார். அவள் கைப்பையைக் கீழே வைத்துவிட்டு, முழங்கால் வலிக்க, அங்கேயே மண்டியிட்டாள்.

"ஐயோ, என்னம்மா இது, எழுந்திருங்க!"

எதிர்ச்சுவரில், படத்தில் அவர் பார்த்த உயரத்தில், கடிகாரம் இருந்தது. நின்றால் கூரை உத்தரம் அதை மறைத்துவிடும்.

"கடைசிப் படம் எத்தனை மணிக்கு எடுப்பீங்க?"

"மூணரை இருக்கும். அதுக்கப்புறம் அவரைப் பிடிச்சு வைக்க முடியாது. இன்னொண்ணுன்னு கெஞ்சினாலும் கோட்டை மாட்டிக்கிட்டு ஓடிடுவார்."

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அவள் வேலை நான்கு மணிக்கு முடியும். புதன்கிழமை வெளியே வந்தால் அவர் வாசலில் நிற்பார். மழையானாலும் நிற்பார். பெல் வீட்டிலிருந்து ஓடியே வருகிறார் என்று அவள் நினைத்ததில்லை.

"நிக்கிற மாதிரி நான் வரைஞ்சு தரட்டுமா? நாளைக்குள்ள முடிச்சிடுவேன்."

"வேண்டாம். இதுவே போதும். அந்தக் கம்பிய மட்டும் வெட்டிடுங்க."

பெல் கத்தியும் அளவுகோலும் எடுத்து மெதுவாக வெட்டிக் கொடுத்தார். அவள் அதைக் கைப்பையில் வைத்துக்கொண்டு படியிறங்கினாள்.

அன்றும் புதன்கிழமைதான். கால்கள் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. நான்கு மணிக்குச் சலவைக்கூடத்துக் கதவு திறந்தது. பெண்கள் இரண்டிரண்டு பேராகப் பேசிக்கொண்டே வெளியே வந்தார்கள். அவர் வழக்கமாக நிற்கும் விளக்குக் கம்பத்தருகே அயோன் நின்றாள். கடைசிப் பெண்ணும் போய், காவலாளி கதவைச் சாத்தும்வரை நின்றாள்.