ஒரு சாண் ஈயம்

பழத்தோட்டக்காரர் கத்திக்கொண்டிருந்தார். கோபத்தில் இல்லை. துப்பாக்கி ரிப்பேர்க்காரரிடம் பேசுகிற எவரும் கத்தித்தான் ஆகவேண்டும். பழுது பார்த்த துப்பாக்கியையெல்லாம் தானே சுட்டுப் பார்த்துப் பார்த்து அவருக்கு இரண்டு காதும் மந்தமாகிவிட்டன. தெருவில் அவர் பெயர் டமாரம். அது அவருக்கும் தெரியும். காதில்தான் விழாதே, பிறகென்ன வருத்தம்.

"முனையில ஒரு சாண் தூக்கிடுச்சு அண்ணே!"

மேசையில் கிடந்தது பழைய இரட்டைக்குழல் துப்பாக்கி. இரண்டு குழலுக்கும் நடுவே நீளவாக்கில் ஓடும் பட்டையை ஈயம் வைத்துத்தான் ஒட்டியிருக்கும். வாய்ப்பக்கத்தில் அது விட்டுப்போய், நகத்தை நுழைத்தால் நுழைந்தது. டமாரத்துக்குச் சுருக்கென்றது. மூன்று வருடத்துக்கு முன் இதே கடையில் ஒட்டியது.

"எங்க கடையில ஒட்டினது விட்டுப்போகாது தம்பி. கீழ போட்டிருப்பீங்க."

வீம்புக்குச் சொல்லவில்லை. கடையின் ஈய வேலை முழுக்க அவர் மனைவியுடையது. அவர் மரம் இழைப்பார், ஸ்பிரிங் மாற்றுவார். நெருப்பு என்றால் கொஞ்சம் ஒதுங்குகிற ஆள். துப்பாக்கியை ஒரு பெண் கையில் கொடுக்க ஆட்கள் தயங்குவார்கள் என்று பின்கட்டில் உட்கார்ந்து அவள் ஒட்டுவாள். வேலை அவளுக்கு, பேர் இவருக்கு. "நான் பத்த வச்சா ஒட்டும். உங்கம்மா பத்த வச்சாத்தான் பிரியும்" என்று மாமியாரை வைத்துக்கொண்டே சொல்லிச் சிரிப்பாள். மாமியாரும் சேர்ந்து சிரித்ததுதான் ஆச்சரியம்.

அவள் கடைசியாகத் தொட்டது இந்தத் துப்பாக்கியைத்தான். முக்கால்வாசிப் பட்டையை ஒட்டியதும் மூச்சு வாங்கியது. சுவரில் சாய்ந்துகொண்டு, "மிச்சத்த நீங்க முடிங்க" என்றாள். முடித்தார். குழலைக் கயிற்றில் தொங்கவிட்டு விரல் முட்டியால் தட்டினார். சரியாக ஒட்டியிருந்தால் மணி மாதிரி ஒலிக்கும். இல்லையென்றால் உடைந்த பானைச் சத்தம். அவருக்கு இரண்டும் ஒன்றுதான். அவள் முகத்தைப் பார்த்தார்.

"கணீர்னு இருக்கு. என் வேலை தோத்துச்சு போங்க!"

இருபது நாளில் போய்ச் சேர்ந்துவிட்டாள். அந்த வார்த்தையை வைத்துக்கொண்டுதான் மனிதர் மூன்று வருடத்தை ஓட்டியிருக்கிறார். தனியாகத் தட்டின் முன் உட்காரும்போது அது ஞாபகம் வந்தால் ஒரு கவளம் கூட இறங்கும்.

பழத்தோட்டக்காரர் தெருவைப் பார்த்தார். எதிர்க்கடைத் தையல்காரர் மிஷினை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார். தோட்டக்காரர் குரலைத் தணித்து ஏதோ சொன்னார்.

"என்ன?" என்றார் டமாரம்.

வேறு வழியில்லை. "கீழ போடல அண்ணே! மொத நாள்லேர்ந்தே சுட்டா கிணுகிணுன்னு ஒரு அதிர்வு! அப்பவே போன் பண்ணேன். அக்காதான் எடுத்தாங்க. 'தட்டும்போதே எனக்குத் தெரிஞ்சது தம்பி. அவர்கிட்ட சொல்லிடாதீங்க, மொத தடவையா ஒட்டியிருக்காரு. நான் எந்திரிச்சதும் சத்தமில்லாம சரி பண்ணித் தந்துடறேன்'னாங்க!"

சத்தமில்லாம என்றது தெரு முழுக்கக் கேட்டது.

"அவங்க போனப்புறம் இத எடுத்துட்டு வர மனசு வரல. இப்ப பன்னி தோட்டத்தையே உழுது போட்டுடுச்சு, அதான்..."

"நாளைக்கு வாங்க தம்பி" என்றார் டமாரம்.

பின்கட்டு ஜன்னலில் குழலைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். வாத்தியார் கையெழுத்தும் பிள்ளை கையெழுத்தும் மாதிரி இரண்டு பேர் வேலையும் தனித்தனியாகத் தெரிந்தன. அவளுடையது நூல் பிடித்ததுபோல ஒரே சீர். இவருடையது பொரிபொரியாக, ஓரிடத்திலும் பிடிக்காமல். சூடு போதவில்லை. ஏன் போதவில்லை என்பதும் தெரியும். நெருப்பைக் கூட்டினால் பக்கத்தில் அவள் ஒட்டியது இளகிவிடுமே என்று அன்றைக்குப் பயந்து பயந்து காட்டினார்.

துருவையும் தன் பழைய ஈயத்தையும் சுரண்டி எடுத்தார். புது ஈயம் வைத்து, பட்டையை அமுக்கிக் கம்பியால் இறுகக் கட்டினார். அவள் வேலை தொடங்கும் இடத்தில், சூடு அந்தப் பக்கம் போகாதிருக்க, ஈரத்துணியைச் சுற்றினார். பர்னரைப் பற்றவைத்தார். துணியிலிருந்து ஆவி வந்தது. தண்ணீர் ஊற்றினார். ஈயம் அசையவில்லை. துணி மறுபடி காய்ந்தது, மறுபடி ஊற்றினார். ஊற்றிக்கொண்டே இருந்தால் ஒட்டப்போவதில்லை என்று கைக்குத் தெரிந்துவிட்டது. மனசுதான் கேட்கவில்லை. அவள் கடைசியாகச் செய்தது. தோட்டத்து வீட்டு மூலையில் கிடந்தாலும் அது பாட்டுக்கு அப்படியே இருக்கிறது என்ற நினைப்பாவது இதுவரை இருந்தது.

"பொய்க்காரி" என்றார். "எந்திரிச்சு வர்றேன்னியேடி."

அழுதார். எவ்வளவு சத்தமாக அழுதார் என்பது அவருக்குத் தெரியாது. எதிர்க்கடையில் மிஷின் மறுபடி நின்றதும் தெரியாது.

பிறகு துணியை அவிழ்த்தார். நெருப்பை முழுக்கத் திறந்து, குழல் நெடுக முன்னும் பின்னுமாக ஓட்டினார். மங்கிக் கிடந்த ஈயம் சட்டென்று ஈரமாக மின்னியது. அந்த மின்னல் ஓரமாகவே ஓடி, அவளுடைய கோட்டைத் தொட்டு, அதையும் இளக்கிக்கொண்டு மேலே போனது. நெருப்பை விலக்கினார்.

ஆறும்வரை தொடக்கூடாது. கைகளை மடியில் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தபடி இருந்தார். பளபளப்பு ஒரு நுனியிலிருந்து மெல்ல மெல்ல அணைந்துகொண்டு வந்தது. எது வரைக்கும் அவளுடையது என்று தேடினார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி தேடினார்.