வேல்சாமியின் எலும்பில் பெய்த மழை

விழிஞ்ஞம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் வேல்சாமியின் வலது கால் எலும்புக்குள் மூன்று வருஷமாக மழை பெய்துகொண்டிருந்தது. இரும்புக் கம்பி குத்திய வழியே கிருமி புகுந்தது. கூடவே மழையும் புகுந்துவிட்டது. காதை வைத்தால் ஓட்டுக்கூரையில் விழுவதுபோல் சடசடவென்று கேட்கும். கணுக்காலுக்கு மேலிருந்த புண் எந்நேரமும் சொட்டும். கடலுக்குப் போகிறவர்கள் அந்தச் சத்தத்தை நிஜ மழையென்று நினைத்து, வலையைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பியதும் உண்டு. மருந்து ஏற்ற ஏற்ற இடி இடித்ததே தவிர மழை விடவில்லை. ரத்தம் எட்டாத மூலையில் அல்லவா கிருமி குடியிருந்தது! கடைசியில் காலை எடுத்துவிட நாள் குறித்தார்கள். கால் போனால் கிரேனும் போச்சு. வேல்சாமி வாய்விட்டே அழுதான்.

அப்போதுதான் ஸ்ரீவராகம் ஆஸ்பத்திரி டாக்டர் ஜானவி குறுக்கே வந்தாள். நானோ துகள்களை ஊசியால் எலும்புக்குள் விட்டால் அவை கிருமியை அப்பிக்கொள்ளும். வெளியிலிருந்து மைக்ரோவேவ் அலையை அனுப்பினால் அது சதையைத் தாண்டிப் போய்த் துகள்களைச் சூடாக்கும், கிருமி வெந்து சாகும். சோதனை முயற்சிதான் என்றாள். அவள் முடிப்பதற்குள் வேல்சாமி காலை நீட்டிவிட்டான்.

துகள் ஏறியது. மெஷினைப் போட்டதும் அவன் இடுப்பிலிருந்து மத்தாப்புபோல் பொறி பறந்தது. ஜானவி பதறிப்போய் நிறுத்தினாள்.

“மெட்டல் எதுவும் கூடாதுன்னு சொன்னேனே, இடுப்பிலே என்னது அது?”

“அரைஞாணாக்கும் டாக்டரே. வெள்ளி. அது நகையில்லல்லா, உடம்புல்லா.”

மோதிரத்தையும் வாட்ச்சையும் கழற்றிக் கொடுத்தவனுக்கு அது நினைவிலேயே வரவில்லை. குழந்தையில் கட்டியதைப் பிணமான பிறகுதான் அறுப்பார்கள். உயிரோடு அவிழ்க்க மாட்டேன் என்று ஒரே அடம். சாயங்காலத்துக்குள் துகள்கள் கலைந்துவிடும், பிறகு கத்திதான் என்று ஜானவி சொல்லியும் அசையவில்லை. வெளியே நின்ற அவன் மனைவி முத்தாரம்மாளைக் கூப்பிட்டார்கள். அவள் சேலை ஓரத்தைக் கிழித்துக் கயிறாகத் திரித்தாள்.

“இத மொதல்ல கெட்டுதேன். பெறவு அத அவுக்கேன். ஒரு நிமிஷங்கூட வெறும் இடுப்பா இருக்க மாட்டீங்க.”

சொன்னபடியே கட்டினாள், அவிழ்த்தாள். மெஷின் மறுபடி ஓடியது. எலும்புக்குள் ஒரு பெரிய இடி, பிறகு தூறல், பிறகு ஒன்றுமில்லை. நர்ஸ் ரெம்யா காலில் காதை வைத்து, “மழ நின்னு” என்றாள். அவ்வளவுதான், வார்டு முழுக்க ஓடிவந்து வரிசை கட்டிக் காது வைத்தது. வைத்த காதெல்லாம் கதகதத்தது; உள்ளே வெயில் அடித்துக்கொண்டிருந்தது. முத்தாரம்மாளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

புண் மூடி, வேல்சாமி கிரேன் ஏணியில் தன் இரண்டு காலாலும் ஏறினான். வெயில் மட்டும் போகவில்லை. ஜூன் மாதத்து இடவப்பாதி மழையில் ஊரே நனைந்து கிடக்கும்போது அவன் வராந்தாவில் கால் நீட்டி உட்கார்ந்திருப்பான். அக்கம்பக்கத்தார் பிள்ளைகளின் யூனிஃபார்மைக் கொண்டுவந்து பக்கத்தில் காயப்போடுவார்கள். முத்தாரம்மாள் அவர்களிடம் சொல்வது ஒன்றே ஒன்றுதான்.

“வலது கால் பக்கம் போடுங்க. இடதுல வெயில் கெடையாது.”