ஜூலை இரண்டில் பிறந்தவள்

இதை நான் எழுதக் கூடாது. எங்கள் குடும்பத்து விஷயம் வாசற்படி தாண்டிப் போனதில்லை; போகாமல் பார்த்துக்கொண்டவனே நான்தான். ஆனாலும் அந்த ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் வாங்கிய அடி இன்னும் காதுக்குள் ரீங்காரமிடுகிறது. எழுதினாலாவது நிற்கிறதா பார்ப்போம்.

விமானப் பணிப்பெண் வேலைக்குப் போகிறேன் என்று என் தம்பி மகள் சொன்னபோது ஒரு வாரம் நான் அவளோடு பேசவில்லை. தம்பி போய் நான்கு வருடம். என் மனைவி அவனுக்கும் முன்பே போய்விட்டாள். வீட்டில் நான், தம்பி மனைவி, இவள் என்று மூன்றே பேர். கடைசியில் சொந்தபந்தங்கள் எல்லோரையும் உட்காரவைத்து ஒரு நிபந்தனையோடு சம்மதித்தேன்.

"எங்க வேணா பற. ஆனா திரும்பி வந்து தங்கறது நம்ம வீட்டுல. வேற ஊர்னு ஆச்சுன்னா அன்னிக்கே வேலைய விட்டுடணும்."

அவளும் தலையாட்டினாள். பெரியப்பா சொன்ன சொல்லை மாற்ற மாட்டார் என்று அவளுக்குத் தெரியும்.

பயிற்சி முடியும் தறுவாயில் ஒரு தாளோடு வந்தாள். எந்த ஊரிலிருந்து கிளம்பி எந்த ஊருக்குத் திரும்புகிறார்களோ அந்த ஊருக்கு 'பேஸ்' என்று பெயராம். ஏழு ஊர்கள் இருந்தன. பிடித்த வரிசையில் எழுதித் திங்கட்கிழமை காலை கொடுக்க வேண்டும். பயிற்சியில் இருந்தவர்கள் இருபத்திநான்கு பேர்; எங்கள் ஊருக்கு இரண்டே இடம்.

"இருபத்திநாலு பேர்ல யாருக்கு முதல்ல கொடுப்பான்?" என்று கேட்டேன்.

"எல்லாரும் ஒரே நாள்ல சேர்ந்தோமே பெரியப்பா. அதனால வயசுதான் கணக்கு. பிறந்த தேதிப்படி மூத்தவங்க முதல்ல எடுத்துக்கலாம்."

எனக்கு மெய்யாகவே மனம் குளிர்ந்தது. மூத்தவனுக்கு மரியாதை என்பது இந்தக் காலத்தில் எங்கே இருக்கிறது? "நல்ல கம்பெனி! உன் கம்பெனிய நான் தப்பா நினைச்சுட்டேன்" என்றேன். "நீ அப்பாவைப் பார்த்துக்கிட்டு லேட்டா சேர்ந்தவளாச்சே. மத்ததெல்லாம் பொடிப் பசங்களாத்தானே இருக்கும்?"

"ஆமா. அங்க என்னை எல்லாரும் அக்கான்னுதான் கூப்பிடுறாங்க." சிரித்தாள். "ஆனா நான் மூணாவது."

"முதல் ரெண்டு பேரு?"

"ஒருத்தி என்னைவிட ரெண்டு வயசு பெரியவ. அடுத்தவளுக்கும் எனக்கும் ஒரே வருஷம்தான். அவ ஜூலை ரெண்டு. நான் அக்டோபர் ஒன்பது. ரெண்டு பேருமே நம்ம ஊரைத்தான் எழுதப் போறாங்க. மூணு மாசத்துல போச்சு பெரியப்பா."

அக்டோபர் ஒன்பது என்று எனக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன்.

முப்பது வருடம் நிலம் அளந்தவன் நான். ஒரு விரற்கடையைக் கூட்டியும் சொன்னதில்லை, குறைத்தும் சொன்னதில்லை. ஒரே ஒரு தடவையைத் தவிர. தம்பிக்கு அவசர அவசரமாக டிசம்பரில் கல்யாணம் செய்துவைத்தேன். குழந்தை மே பதினான்கில் பிறந்தது. அதற்குள் அவர்களை ஆள் தெரியாத ஊருக்கு மாற்றல் வாங்கி அனுப்பியிருந்தேன். அந்த ஊர்ப் பதிவு அலுவலகத்துக்கு அக்டோபரில் நானே போய், குழந்தை போன வாரம் பிறந்தது என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். இரண்டு வருடம் கழித்துத்தான் குழந்தையை இங்கே அழைத்துவரச் சொன்னேன். என்ன வளர்த்தி, வயசுக்கு மீறின பேச்சு என்று தெருவே மெச்சியது. நான் முந்திக்கொண்டு 'பொடிசு' என்று கூப்பிட ஆரம்பித்தேன். அதுவே பெயராக நிலைத்துவிட்டது.

அந்தத் தேதி தெரிந்தவர்கள் உலகத்தில் மூன்று பேர். ஒருவன் போய்விட்டான். மற்றவள் என் எதிரில் தலை நிமிர்ந்து பேசியதே இல்லை.

தம்பி மனைவி அப்போது சமையலறையிலிருந்து வந்தாள். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனாள். பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து, மடித்த கைக்குட்டை ஒன்றை என் முன்னால் மேஜைமேல் பிரித்து வைத்தாள். பிரசவத்துக்குச் சேர்ந்திருந்த ஆஸ்பத்திரியின் சீட்டு. கூடவே குழந்தையின் மணிக்கட்டில் கட்டியிருந்த துணிப்பட்டை, விரல் நீளம்கூட இல்லை. மை மங்கியிருந்தாலும் தேதி தெரிந்தது.

"என்னம்மா இது, பொண்ணு எதிர்ல!" என்று அதட்டினேன்.

"எனக்குத் தெரியும் பெரியப்பா" என்றாள் பொடிசு. "பத்து வயசுலேயே தெரியும்."

"என்ன தெரியும்?"

"எல்லாம். வருஷா வருஷம் மே மாசத்துல ஒரு நாள் அம்மா இனிப்பு செய்வாங்களே, எதுக்குன்னு நினைச்சீங்க?"

"நீங்க ரெண்டாந்தடவ கேட்டு வாங்கிச் சாப்பிடுவீங்க" என்றாள் தம்பி மனைவி. சிரிக்காமல்தான் சொன்னாள்.

இத்தனை வருடம் நான் காவல் காத்த ரகசியத்தை என் வீட்டிலேயே கிண்ணத்தில் போட்டு என் கையில் கொடுத்திருக்கிறார்கள். நன்றாயிருக்கிறது, இன்னும் கொஞ்சம் போடு என்றிருக்கிறேன்.

எழுந்தேன். ஆணியில் மாட்டியிருந்த சட்டையை எடுத்தேன்.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"உன் ஆபீஸுக்கு. தப்பா எழுதிக் கொடுத்தது நான்தான்னு நானே சொல்றேன். சீட்டு இருக்கு, பட்டை இருக்கு. நீ ரெண்டாவதா வந்துடுவ."

இதைச் சொல்ல நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பொடிசு என் கையிலிருந்து சட்டையை மெல்ல வாங்கிக்கொண்டாள்.

"பாஸ்போர்ட்டுல என்ன இருக்கோ அதுதான் அவங்களுக்குத் தேதி. திருத்தணும்னா மாசக்கணக்காகும். நாளைக்குக் காலைல லிஸ்ட் முடிஞ்சிடும். நான் விசாரிச்சுட்டேன் பெரியப்பா."

விசாரித்துவிட்டாளாம்! மானத்தையே கழற்றி வைக்கத் துணிந்தேன், அதை வாங்கிக்கொள்ளக்கூட ஆள் இல்லை.

அவள் தாளை என் பக்கம் திருப்பினாள். முதலிடத்தில் வேறொரு ஊர் எழுதியிருந்தது. விமானத்தில் போனாலே மூன்று மணி நேரம். கீழே ஒரு கட்டம் காலியாக இருந்தது. அவசரம் என்றால் தகவல் சொல்ல வேண்டிய உறவினர் பெயர், கையெழுத்து.

"வேலைய விடறதாத்தானே பேச்சு?"

"பேச்சுதான். நான் விடல பெரியப்பா."

என் எதிரில் இப்படி ஒரு வார்த்தை இந்த வீட்டில் யாரும் சொன்னதில்லை. கோபம் வர வேண்டும். வரவில்லை. "இதுக்கு உங்கம்மாவே கையெழுத்துப் போடலாமே, நான் எதுக்கு?" என்றேன்.

"ஒரே வீட்டுல இருக்கறவங்க போடக் கூடாதாம்."

எனக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது. தம்பி மனைவியைப் பார்த்தேன். அவள் துணிப்பட்டையைக் கைக்குட்டையில் திரும்ப மடித்துக்கொண்டிருந்தாள். அதை உள்ளறைக்குக் கொண்டுபோகவில்லை. மகளின் பையில் வைத்தாள்.

"நீயுமா?"

"ஆமா அத்தான். அவ வேலைலேருந்து வந்தா கதவைத் திறக்க ஒரு ஆள் வேணுமில்ல? அங்க யாருக்கும் எங்க கல்யாணத் தேதி தெரியாது."

அத்தனை பேர் முன்னால் நான் சொன்ன சொல் அந்தத் தாளுக்கு முன்னால் நின்றது. கையெழுத்துப் போடாவிட்டால் பெண் நின்றுவிடுவாளா? நின்றாலும், எந்தத் தேதியைக் காட்டி அவளை நிறுத்துவேன்? நான் போட்ட தேதிதானே அவளை ஊரைவிட்டு அனுப்புகிறது!

பேனாவை வாங்கினேன். தாளின் மேல்பகுதியில், பிறந்த தேதிக்கான கட்டத்தில், அக்டோபர் ஒன்பது என்று இருந்தது. அதன் கீழே என் கையெழுத்தை இரண்டாம் தடவையாகப் போட்டேன்.